புதிய நீர்த்தேக்கத்துக்கு இடம் குறிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மதுரை மாவட்டத்தின் வருங்காலக் குடிநீர்த் தேவைக்கென்று தனியாக ஒரு நீர்த்தேக்கம் வேண்டும் என்ற பேச்சு கோடைதோறும் எழுகிறது. முதல் மழை விழுந்ததும் அடங்கிவிடுகிறது. தேவை உண்மையானது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. என் கவலை அந்தப் பேச்சு தொடங்கும் விதத்தைப் பற்றியது. எவ்வளவு தண்ணீர், எந்த மாதத்தில், யாருடைய பங்கிலிருந்து வரும் என்று கேட்காமலே, வரைபடத்தில் ஆளில்லாததாகத் தெரிகிற ஒரு மலையடிவாரத்தையோ, அகலமாகத் தெரிகிற ஒரு கண்மாயையோ சுட்டிக்காட்டி ‘இங்கே கட்டலாம்’ என்று சொல்லிவிடுகிறோம். நான் மேலூர் வட்டத்தில் பெரியாறு பிரதானக் கால்வாயின் கடைசிப் பகுதியான கடைமடையில், ஆண்டுக்கு ஒரு பயிருக்கு மட்டும் நீர் கிடைக்கும் ஒருபோகப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவன். என் மகள் குடும்பம் ஆனையூர்ப் பக்கம் மாநகராட்சிக் குழாயை நம்பிக் குடியிருக்கிறது. வயலின் தாகமும் குழாயின் தாகமும் எனக்கு ஒரே வீட்டுக் கவலைதான். அந்த உரிமையில் சிலவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

முதலில் தேவையின் அளவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தில் 30,38,252 பேர் இருந்தார்கள். மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 15 லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டு, பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு வகுக்கப்பட்டுள்ள அளவான ஆளுக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டால், நாளொன்றுக்கு 20 கோடி லிட்டருக்குச் சற்று மேல் வருகிறது. அணைக்கட்டுக் கணக்கில் சொன்னால் நாளுக்கு ஏறத்தாழ 7 மில்லியன் கன அடி. ஆண்டுக்கு 2,600 மில்லியன் கன அடி. தோப்பூர், திருமங்கலம், ஒத்தக்கடை, மேலூர் என்று நான்குவழிச் சாலைகளை ஒட்டி நகரம் நீண்டுகொண்டே போவதையும், ஊராட்சிகளில் புதிதாகக் கொடுக்கப்பட்டுள்ள வீட்டு இணைப்புகளையும் சேர்த்தால் இந்தக் கணக்கு இன்னும் பெருகும். எந்த இடத்தைப் பற்றிப் பேசினாலும் ‘அது நகரத்துக்கு எத்தனை நாள் தண்ணீர்?’ என்று உடனே கேட்டுப் பார்ப்பதற்கு இந்த ஏழு மில்லியன் கன அடி என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்று அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆழ்துளைக் கிணறுகளை விட்டுவிட்டால், அநேகமாக ஒரே மூலத்திலிருந்து வருகிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சத்துக்குப் பிறகு உறுதிபெற்று, பென்னிகுவிக் பொறுப்பில் கட்டி முடிக்கப்பட்டு, 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிய நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பியது. 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணை அந்த நீரையும் வருசநாட்டு மலைகளிலிருந்து மூல வைகை கொண்டுவரும் நீரையும் சேர்த்துத் தேக்குகிறது. மாநகராட்சிக்கு அந்த அணையிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது. தேனி மாவட்டத்து லோயர் கேம்ப்பிலிருந்து நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுவருவதற்காக ஏறத்தாழ 1,300 கோடி ரூபாயில் எடுக்கப்பட்ட திட்டமும், அதே பெரியாற்று நீரை வைகை அணைக்கு வந்து சேரும் முன்பே எடுக்கிற திட்டம்தான். நீர் மாசுபடாமலும் ஆற்றுமணலில் உறிஞ்சப்படாமலும் வந்து சேரும் என்பது அதன் நன்மை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரே கிணற்றில் இரண்டாவது வாளியை விட்டால் ஊற்று இரட்டிப்பாகாது. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் அந்தத் திட்டத்தை எதிர்த்ததற்கும் காரணம் இதுவே.

ஆகவே புதிய நீர்த்தேக்கம் இந்த ஒரே மூலத்தின் வாலில் இன்னொரு தொட்டியாக அமைந்தால், நல்ல மழை ஆண்டில் அது நிரம்பும்; நமக்கு அது வேண்டியிருக்கிற ஆண்டில் வெறுமனே கிடக்கும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்தக் கோடையில் மதுரைத் தெருக்களில் குடங்கள் எப்படி வரிசையில் நின்றன என்பது இந்த நகரத்தில் வாழ்ந்த எவருக்கும் நினைவிருக்கும். எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும், ‘2016-ன் மழையும் 2017-ன் வெயிலும் மீண்டும் வந்தால் மே மாதக் கடைசியில் இந்த நீர்த்தேக்கத்தில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும்?’ என்ற கேள்விக்கு எழுத்தில் விடை சொல்ல வேண்டும். சராசரி ஆண்டின் கணக்கைக் காட்டி ஓர் இடத்தை நியாயப்படுத்துவது, தாகம் இல்லாத நாளுக்குத் தண்ணீர் சேர்ப்பதாகும்.

‘வெள்ளக் காலத்தில் உபரியாகப் போகிற வைகை நீரைத் தேக்கலாமே’ என்று பலர் சொல்கிறார்கள். இது சற்று நின்று பேச வேண்டிய விஷயம். வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. முழுக் கொள்ளளவான 71 அடிக்குப் பக்கத்தில் வந்ததும் வருகிற நீர் அப்படியே ஆற்றில் திறக்கப்படுகிறது. அந்த நீர் யாருக்கும் சொந்தமில்லாத நீர் என்று மதுரையில் உட்கார்ந்துகொண்டு நாம் நினைத்துவிடக் கூடாது. உசிலம்பட்டிப் பகுதிக்கான 58 கிராமக் கால்வாயில் அணை 67 அடியை எட்டினால்தான் தண்ணீர் ஏறும். அந்த ஊர்கள் பல்லாண்டுகள் போராடிப் பெற்ற கால்வாய்க்கு உபரி நீர் ஒன்றே வாழ்வு. வைகையின் பூர்வீகப் பாசனத்தில் இராமநாதபுரம், சிவகங்கை, மதுரை ஆகிய மூன்றும் 7:3:2 என்ற விகிதத்தில் நீரைப் பகிர்ந்துகொள்கின்றன. நம்முடையது மிகச் சிறிய பங்கு. ஆற்றில் வெள்ளம் போகும்போதுதான் மானாமதுரையிலும் பரமக்குடியிலும் மணல் நனைகிறது. இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு ஏதோ கொஞ்சம் எட்டுகிறது. பெரியாறு பாசனத்திலும் கணக்கு இறுக்கமானது: கள்ளந்திரி வரை இருபோகம் 45,041 ஏக்கர், அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியும் திருமங்கலம் கால்வாயும் சேர்ந்து ஒருபோகம் 1,05,002 ஏக்கர். அணையில் நீர் போதாத ஆண்டில் எங்கள் ஒருபோகத்துக்குத் திறப்பு தள்ளிப்போகிறது, அல்லது முறை வைத்துத் திறக்கப்பட்டு நாற்றங்கால் காய்கிறது. இந்த வரிசையில் புதிதாக ஒரு நீர்த்தேக்கத்தைச் செருகினால், அதன் மதகு திறக்கும் விதி யாருக்கு முன்னே, யாருக்குப் பின்னே என்பதைக் கட்டுவதற்கு முன்பே அரசாணையில் எழுதிவிட வேண்டும். கட்டிய பிறகு எழுதுகிற விதி எப்போதும் குழாயின் பக்கமே சாயும். குடிநீருக்கு முன்னுரிமை தருவதை எந்த விவசாயியும் மறுக்க மாட்டான். முன்னுரிமையின் அளவு சொல்லப்படாமல் இருப்பதைத்தான் அஞ்சுகிறோம்.

யாருடைய பங்கிலும் கைவைக்காத தண்ணீர் நம் மாவட்டத்தில் இருக்கிறதா? இருக்கிறது, நம் தலைமேல் விழுகிற மழை அது. மதுரையில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை விழுகிறது. மாநகராட்சியின் பரப்பு சுமார் 148 சதுர கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கினால் நகரத்தின் கூரைகளிலும் தெருக்களிலும் மட்டும் ஆண்டுக்கு 4,400 மில்லியன் கன அடி மழை விழுகிறது. நகரம் ஆண்டு முழுவதும் குடிக்க வேண்டிய நீரைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அத்தனையும் பிடிக்க முடியாது, மண்ணும் வெயிலும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும் என்பது தெரிந்ததே. ஆனால் நாம் அதில் எதையும் பிடிக்க முயலவில்லை. 2024 அக்டோபரில் ஒரே மாலைப் பொழுதின் பெருமழையில் செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் பொங்கித் தெருக்களுக்குள் புகுந்தபோது, அந்தத் தண்ணீர் வீடுகளுக்கு இடராக வந்து, சாக்கடையோடு கலந்து ஆற்றில் போய் முடிந்தது. நகருக்குள் ஓடும் கிருதுமால் நதியின் நிலையும் இதுவே. அந்த நீரை நேராகக் குழாயில் விட இன்றைய நிலையில் இயலாது. வாய்க்கால்களிலிருந்து கழிவுநீரைப் பிரிக்காத வரை வண்டியூர், மாடக்குளம், செல்லூர்க் கண்மாய்களை நிலத்தடி நீர் ஊட்டும் தேக்கங்களாகக்கூட முழுதாக நம்ப முடியாது. எனவே நகருக்குள் செய்ய வேண்டிய வேலையைப் புதிய நீர்த்தேக்கத்துக்கு மாற்றாக நான் முன்வைக்கவில்லை. ஆனால் புதிய இடத்துக்குக் கோடிகளை ஒதுக்கும் அதே கோப்பில் பந்தல்குடி வாய்க்காலுக்கும் ஒரு பக்கம் இருக்க வேண்டும்.

இனி இடத்துக்கு வருகிறேன். மாவட்டத்தின் வடபகுதியில், சிறுமலைக்கும் அழகர்மலைக்கும் தெற்கே, பெரியாறு பிரதானக் கால்வாய் செல்லும் வழியை ஒட்டிய நிலப்பகுதிதான் ஆராயத் தக்கது என்பது என் கருத்து. மலையிலிருந்து ஓடைகளில் இறங்கும் சொந்த மழைநீரும் அங்கே உண்டு. அணை நிரம்பி வழிகிற ஆண்டில் கால்வாயிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் மலையடிவாரத்தில் குறுக்கே ஒரு கரை போட்டுவிட்டால் தண்ணீர் சேர்ந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் பாலமேட்டுக்கு அருகில் உள்ள சாத்தையாறு அணையைப் போய்ப் பார்க்க வேண்டும். 56 மில்லியன் கன அடிக் கொள்ளளவு என்று கணக்கில் இருக்கிற அணை அது. முழுதாக நிரம்பினாலும் நகரத்துக்கு எட்டு நாள் தண்ணீர். மலையிலிருந்து மழையோடு வண்டலும் இறங்கி நீர் நிற்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது; பெரியாற்றுக் கால்வாயோடு அதை இணைக்க வேண்டும் என்று அங்குள்ள விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். சிறிய நீர்ப்பிடிப்பில் பெரிய கரை கட்டினாலும் வரத்து பெருகாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. மேலும் எங்கள் பகுதி மலைகள் வெறும் பாறை அல்ல. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டவை. அங்குள்ள சுனைகளும் ஊருணிகளும் குளங்களும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கி நிற்பவை. மேலே ஒன்றை மறித்தால் கீழே பத்து ஊர் வறளும்.

சமவெளியில் கட்டினால் என்ன என்று கேட்கலாம். அதற்குச் சென்னையின் அனுபவம் நம் முன்னே இருக்கிறது. 1944-ன் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பிறகு சென்னைக்கென்று புதிதாகக் கட்டப்பட்ட நீர்த்தேக்கம், 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். ஏற்கெனவே இருந்த இரண்டு ஏரிகளை ஒன்றாக்கி, சுற்றியுள்ள நிலங்களையும் எடுத்து, ஏறத்தாழ 1,485 ஏக்கரில், 380 கோடி ரூபாயில் 500 மில்லியன் கன அடி நீர் நிற்க வழி செய்தார்கள். நிலமெடுப்பில் பல ஆண்டுகள் கழிந்தன. ஏரிகளை இணைத்தது நல்ல யோசனை. அதேசமயம் அதன் கணக்கை மதுரைக்குப் பொருத்திப் பார்த்தால் கவலை வருகிறது. அந்த 500 மில்லியன் கன அடியை அத்தனை ஏக்கரிலும் பரப்பினால் சராசரி ஆழம் இரண்டரை மீட்டர்கூட வராது. நம் வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீர் ஆவியாகிப் போகிறது. கணக்கில் எழுபது நாள் தண்ணீராகத் தெரிவது, டிசம்பரில் நிரம்பி மே வரை காத்திருந்தால் எவ்வளவாக மிஞ்சும் என்று யோசியுங்கள். மதுரைக்கு வேண்டியது அகலமான நீர்த்தேக்கம் அல்ல, ஆழமான நீர்த்தேக்கம். இடத் தேர்வில் ஏக்கர் கணக்கைவிட ஆழக் கணக்குக்கே முதல் இடம் தர வேண்டும்.

இந்த இடத்தில் யாரும் பட்டியலில் சேர்க்காத ஓர் இடத்தைச் சொல்ல விரும்புகிறேன். மேலூர் வட்டத்தில் கீழவளவு, கீழையூர், தெற்குத்தெரு பகுதிகளில் கிரானைட் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிடப்பட்ட குழிகள் கிடக்கின்றன. உயர் நீதிமன்றம் 2014-ல் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயம் அவர்களைச் சட்ட ஆணையராக நியமித்து அந்தக் குவாரி முறைகேடுகளை விசாரிக்கச் செய்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கண்மாய்களும் வரத்துக் கால்வாய்களும் அந்தக் காலத்தில் எத்தனையோ அழிந்தன. அழிந்த நிலம் திரும்பாது. ஆனால் மிஞ்சிய குழிகள் செங்குத்தான பாறைச் சுவரோடு, அடியில் மழைநீர் தேங்கி நிற்கின்றன. ஐந்து ஏக்கர் பரப்பும் நூறு அடி ஆழமும் உள்ள ஒரு குழியில் ஏறத்தாழ 22 மில்லியன் கன அடி நீர் கொள்ளும். அப்படி மூன்று குழிகள் இருந்தால் சாத்தையாறு அணையைவிட அதிகம். வெயில் படும் பரப்பு ஐந்து ஏக்கர் மட்டுமே என்பதால் ஆவியாவதும் குறைவு. ஒரு குடும்பமும் இடம்பெயர வேண்டியதில்லை, ஒரு சென்ட் நிலமும் நீரில் மூழ்க வேண்டியதில்லை. சென்னையில் 2017 வறட்சியின்போது சிக்கராயபுரம் கல்குவாரிகளின் நீரைச் சுத்திகரித்துக் குடிநீராக வழங்கினார்கள். ஆக இது புதிய யோசனையும் இல்லை. பாறை வெடிப்புகளில் நீர் கசியுமா, நீரில் உலோகக் கலப்பு உண்டா, வெடிவைத்துப் பிளந்த சுவர் சரியுமா, வழக்கில் கிடக்கும் இடங்களின் உரிமை யாருடையது என்பவற்றையெல்லாம் ஆராய்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். ஆராய்ந்து வேண்டாம் என்று தள்ளினால் ஏற்கிறேன். ஆராயாமலே விளைநிலத்தில் எல்லைக்கல் நடுவதை ஏற்க மாட்டேன்.

கண்மாய்களைக் குடிநீருக்கு எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊர்க் கண்மாயில் உபரி நீர் வழியும் இடமான கலுங்கில் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். பருவமழையின் கடுமை தணிந்து, இனி வெள்ளம் வராது என்று, வயல்களுக்கு நீர் பங்கிட்டு விடுகிற நீர்ப்பாய்ச்சி கணித்த பிறகு, அந்தக் கற்களின் இடைவெளியில் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள்; கண்மாயில் இன்னும் ஓர் அடித் தண்ணீர் கூடுதலாக நிற்கும். மழை முற்றும் முன்பே அடைத்தால் கரை உடையும். தாமதித்து அடைத்தால் நீர் போய்விடும். அந்த ஓரடித் தண்ணீருக்கும் கீழ்க் கண்மாய்க்காரர்கள் வந்து பார்த்துப் பேசி ஒப்புக்கொள்கிற வழக்கம் உண்டு. இத்தனை நுணுக்கமாகப் பங்கிடப்பட்ட ஒரு தொடர்ச்சங்கிலியில் நடுவிலிருந்து ஒரு கண்மாயைக் குடிநீர் நீர்த்தேக்கமாக எடுத்துக்கொண்டால், அதில் பாசனம் பெறும் நிலமான ஆயக்கட்டு மட்டுமல்ல, அது நிரம்பி வழிகிற மறுகால் நீரை நம்பியிருக்கிற கண்மாய்கள் எல்லாம் பாதிக்கப்படும்.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. கண்மாயின் மடை மட்டத்துக்கு மேலே நிற்கிற நீர்தான் வயலுக்குப் பாயும். மடை மட்டத்துக்குக் கீழே, கண்மாயின் நீர் நிற்கும் உட்பகுதியான உள்வாயில் ஓரிடத்தை ஆழப்படுத்தினால் அங்கே நிற்கும் நீர் வயலுக்கு ஏறாது, மின்மோட்டாரால்தான் எடுக்க முடியும். மேலே உள்ளது ஆயக்கட்டுக்கு, கீழே உள்ளது குடிநீருக்கு என்று ஊர் அறிய எல்லை வகுத்துவிட்டால் சண்டைக்கு இடம் குறையும். கோடையில் கண்மாய் வற்றிய பின்னும் கீழ்த்தேக்கத்தில் நீர் நிற்கும். ஆடு மாடுகளுக்கும் பறவைகளுக்கும் அதில் பங்கு கிடைக்கும். சேர்ந்தாற்போல் உள்ள இரண்டு மூன்று பெரிய கண்மாய்களில், கால்வாயோடு இணைப்பு உள்ள இடத்தில் இதைச் செய்து பார்க்கலாம். அளவில் மயங்கிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: 100 மில்லியன் கன அடிக்கு இடம் தோண்ட வேண்டுமென்றால் 28 லட்சம் கன மீட்டர் மண்ணை எடுக்க வேண்டும், லாரிக்குப் பத்து கன மீட்டர் என்றாலும் 2.8 லட்சம் நடை. அந்த மண் எங்கே போகும் என்பதைத் திட்டத்திலேயே எழுதாவிட்டால், நீர்த்தேக்கத்தின் பெயரைச் சொல்லிச் சவுடு மண் வியாபாரம்தான் நடக்கும். கரம்பை எனும் வண்டல் மண் விவசாயிகளுக்குச் சேர வேண்டும். கண்மாயின் அடியில் இருக்கிற களிமண் அடுக்கைக் கிழித்துவிடும் அளவுக்குத் தோண்டினால் உள்ள நீரும் கசிந்துவிடும் என்பதால், ஒவ்வோர் இடத்திலும் மண் சோதனைக்குப் பிறகே ஆழம் முடிவாக வேண்டும்.

வைகை அணையில் சேர்ந்துள்ள வண்டலை அகற்றுவது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 71 அடியில் 6,091 மில்லியன் கன அடி கொள்ளும் அந்த அணையில் மீட்கிற ஒவ்வொரு மில்லியன் கன அடிக்கும் புதிதாக ஓர் ஏக்கர்கூட எடுக்க வேண்டியதில்லை. அதனால் ஒப்பீட்டுப் பட்டியலில் முதல் வரிசையில் அதுவே இருக்க வேண்டும். செலவு கூடுதல் என்று தள்ளுவதானால் எவ்வளவு கூடுதல் என்பதையும் அதே பட்டியலில் காட்ட வேண்டும்.

கடைசியாக, நிலம் இழக்கிறவர்களைப் பற்றி. வைகை அணைக்காக ஊர்களை விட்டுக் கிளம்பியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இந்த மாவட்டங்களில் இருக்கிறார்கள். அந்த அணையின் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நகரம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. 2013-ம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் மறுகுடியமர்வையும் வகுத்திருக்கிறது. பாசனத் திட்டம், அவசரம் என்று விலக்குகளைத் தேடாமல் அதை முழுதாகக் கடைப்பிடிக்க வேண்டும். பட்டா உள்ளவர்களுக்குப் பணம் கிடைத்துவிடும். குத்தகைக்கு உழுகிறவர், கூலிக்கு நடவு நடுகிற பெண்கள், அறுவடைக்குப் பின் வயலில் ஆட்டுக்கிடை போட்டுப் பிழைக்கிற கீதாரிகள், கண்மாயில் மீன்பாசி ஏலம் எடுப்பவர்கள் ஆகியோரின் பெயர் எந்தக் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டிலும் இராது. இடம் குறிக்கும் முன் அவர்களையும் எண்ண வேண்டும்.

மேலூர்ப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி 2024 நவம்பரில் வந்த பிறகுதான் எங்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் நிலம் வரைபடத்தில் வேறு பெயர் பெற்றிருப்பது தெரிந்தது. ஊர் ஊராகத் திரண்டு மதுரை வரை நடந்த பின்னர், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. குடிநீருக்கான நீர்த்தேக்கம் சுரங்கம் போன்றது அல்ல. அதை எதிர்த்து ஊர்வலம் போக எங்களுக்கு விருப்பமும் இல்லை. அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறோம்.

நீர்வளத் துறையும் குடிநீர் வடிகால் வாரியமும் எந்தெந்த இடங்களை ஆராய்கின்றன என்ற பட்டியலைத் தமிழில் வெளியிட வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே, வறட்சி ஆண்டின் மே மாதத்தில் நிற்கும் நீர், அதன் மூலம், அந்த நீரின் இன்றைய உரிமையாளர்கள், சராசரி ஆழம், மூழ்கும் பட்டா நிலமும் புறம்போக்கும், இடம்பெயரும் குடும்பங்கள், ஓர் ஆயிரம் லிட்டருக்கு ஆகும் செலவு ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். கைவிடப்பட்ட குவாரிகளும், மடை மட்டத்துக்குக் கீழான ஆழப்படுத்தலும், வைகை அணையின் வண்டலும் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கிராமசபை கூடுகிறது. அதற்கு ஒரு மாதம் முன்பாகவே சம்பந்தப்பட்ட ஊராட்சி அலுவலகங்களில் பட்டியல் ஒட்டப்பட்டு, கூட்டத்தில் ஊரார் சொல்வது தீர்மானமாகப் பதியப்பட்ட பிறகே அளவைக்கல் நடப்பட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழ் அந்தப் பட்டியலைத் துறைகளிடம் கேட்டுப் பெற்று, வட்டம் வாரியாக வெளியிட்டால், கடைமடை வரை அது போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஒருபோகப் பாசன விவசாயி ஒருவர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.